மலைவீட்டுச் சன்னலில் ஒரு கை

அட்டையில் இருட்டில் ஒரு மலைவீடு, அதன் சன்னலில் ஓர் எலும்புக் கை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய அந்தப் பேய் நாவலை, பள்ளி விடுதியில் நாங்கள் மூன்று பேர் ஒரே பாயில் குப்புறப் படுத்துப் படித்தோம். கதையில், சிறுவயதுத் தோழர்கள் சிலர் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். யார் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ, அதுவே அங்கே எதிரில் வந்து நிற்கும். ஓடியவர் செத்தார், நின்று பார்த்தவர் பிழைத்தார். நானும் எலவனாசூர்கோட்டைத் தோழியும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்தவள் மட்டும் சிரித்தாள்.

"மலைல வூடு இருந்தா பேய் வருமாடி? எங்க வூடே மலைலதான் இருக்குது."

அப்படியானால் உனக்கு எதில்தான் பயம் என்று குடைந்தோம். தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சொன்னாள்.

"உங்க ஊர்ல எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமே இல்ல. ஒரு மலைகூட இல்லாம எப்டிடி தூங்கறீங்க? சனிக்கெழம வூட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

வெட்டவெளிக்குப் பயப்படும் ஒருத்தியை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிரிப்புதான் முதலில் வந்தது. அவள் போய்விடுவாள் என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றது. நாவலில் வருவதையெல்லாம் அப்படியே நம்பும் வயது. மறுநாள் பள்ளி விட்டதும் அவளை வற்றிக் கிடந்த ஏரியின் நட்டநடுவுக்கு அழைத்துப் போனோம். கண்ணை இறுக மூடி, என் தாவணி முனையைப் பிடித்தபடி வந்தாள்.

"தொறந்து பாருடி" என்றேன்.

திறந்தாள். மேற்கே, விடுதியிலிருந்து பார்த்தால் தோப்பு மறைத்துவிடும் இடத்தில், அவளுடைய மலை நீலமாக நீண்டு கிடந்தது.

"இங்கயேதான் இருந்துக்கினு இருந்துச்சா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். சனிக்கிழமை போனவள் திங்கட்கிழமை புத்தகப்பையோடு வந்து நின்றாள்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது மலைமேல் கரியாலூர்ப் பக்கம் இருக்கிறாள். போன மாதம்தான் முதன்முறையாக அவள் வீட்டில் தங்கினேன். பொழுது சாய்ந்ததும் சுற்றிலும் மலைகள் கறுத்து நெருங்கிவர, எனக்கு மூச்சு முட்டியது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று எனக்கே வியப்பு. அவள் தன் முந்தானையை என் கையில் கொடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏற்றினாள். வெகு கீழே சமவெளியில் விளக்குகள் சிதறிக் கிடந்தன.

"தோ பாரு, உங்க ஊரு. எங்கயும் போயிடல."

மூச்சு சீரானது. இறங்கி வரும்போது வீட்டைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவள் பேத்தி எங்களைத் தேடிக் கையசைத்துக்கொண்டிருந்தாள். இருட்டில் ஒரு மலைவீடு, அதன் சன்னலில் ஒரு கை. நானும் கையை ஆட்டினேன்.