நகல் போன அறிக்கை

நேர்மையான ஓர் அதிகாரி வந்துவிட்டால் அந்தமானின் ரங்கத் ஊரில் எங்கள் தெருவுக்கும் குடிநீர் வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். குழாய்த் திட்டத்துக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று நிதி தந்திருந்தது. ஊழலை ஒழிக்கவென்றே போர்ட் பிளேயருக்குப் புதிய அதிகாரி வந்திருந்தார். தவறு கண்டால் தயங்காமல் எழுதுங்கள் என்று அவர் கூட்டத்தில் சொன்னதை, இளநிலைப் பொறியாளரான என் கணவர் அன்று சாப்பிடும்போது இரண்டு முறை சொன்னார்.

எழுதவும் செய்தார். சாலையோரம் இறக்கியிருந்த குழாய்கள் ஒப்பந்தத்தில் கண்ட கனத்தில் இல்லை. அறிக்கையின் அடியில், பணிக்காலம் முழுவதும் செய்துவந்ததுபோல, நகல் பெறுவோர் பட்டியலைச் சேர்த்தார். அதில் நிதி தந்தவர்களும் இருந்தார்கள்.

முதலில் படிக்கப்பட்டது அந்த நகல்தான். தங்கள் ஆட்கள் நேரில் விசாரிக்கும்வரை நிதி கிடையாது என்றது அமைப்பு. விசாரணையை நாங்களே நடத்துவோம், வெளிநாட்டார் வந்து கோப்புகளைப் புரட்ட அனுமதியில்லை என்றது நிர்வாகம். இரு தரப்புமே ஊழலுக்கு எதிராகத்தான் எழுதிக்கொண்டன. ஒப்பந்தக்காரர் மட்டும் நிம்மதியாக இருந்தார்.

அதிகாரி என் கணவரைக் கூப்பிட்டு, தம்மிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா என்று இந்தியில் கேட்டாராம். அந்தக் குரலில் கோபமில்லாததுதான் இவரை உடைத்தது.

"நகல் போடாம நான் ஒரு லெட்டர்கூட அனுப்பினதில்லையே," என்று என்னிடம் விளக்கினார், நானே அந்த அதிகாரி என்பதுபோல.

தண்ணீர் லாரி வரிசையில் பக்கத்து வீட்டுப் பெண் சும்மா விடவில்லை. "என்னக்கா, அண்ணன் வெள்ளைக்காரனுக்கே சிட்டி எழுதிப் போட்டுட்டாராமே! தண்ணி இனி லண்டன்லேருந்து சீதா, நேரா வீட்டுக்கே வருமா?"

"வரும், கப்பல் டிக்கெட்தான் கிடைக்கல," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பயம்.

கடிதப் போர் நீண்டது. கடைசியில் அந்த நிதி வேறொரு நாட்டுக்குப் போனது. அதிகாரி தில்லிக்குப் போனார். என் கணவரைப் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் எதைப் பற்றியும் அறிக்கை எழுதவில்லை. வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோயிற்று.

குடிநீர் இல்லாத தெருவில் எவ்வளவு நாள் இருப்பது என்று ஒவ்வொரு குடும்பமாகப் போய்விட்டது. மகள் மெயின்லாண்டிலேயே வேலை தேடிக்கொண்டாள். தெருவின் கோடியில் வயதான வங்காளி தம்பதி இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.