வேட்டைக்குப் போன தேங்காய்

என் அக்கா குணவதியின் கணவர் குலசிங்கம் கனடாவில் வோபர்ன் என்ற இடத்தில் வசிக்கும் மாபெரும் வேட்டைக்காரர். இருபத்தாறு வருடமாக ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்பதெல்லாம் வருமானவரிக்காரருக்குச் சொல்வதற்கு. "வன்னியில ஒரு மரை சுட்டனான்" என்று அவர் தொடங்காத பிறந்தநாள் விழா எதற்கும் நான் போனதில்லை. பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளில் சுட்டிருக்கிறார், கல்யாணங்களில் சுட்டிருக்கிறார். ஒருமுறை அந்தியேட்டி வீட்டிலும் சுட்டார். துக்கவீடு என்பதால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சுட்டார்.

மரை என்கிற அந்தக் காட்டுமான் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. நான் கனடாவுக்கு வந்த புதிதில் அது ஒரு நல்ல மாட்டின் அளவு. இப்போது அதை ஒரு பாதையில் நிறுத்தினால் பின்னால் வரும் வாகனங்கள் ஹோர்ன் அடிக்க வேண்டியிருக்கும். நாங்கள் நாகரிகமான ஆட்கள். றோல்ஸைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவோம். "அண்ணைக்கு அந்தக் காலத்தில என்ன துணிவு" என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும் என்பது எழுதப்படாத ஒழுங்கு.

இந்தப் பெருமையோடு அவர் சாகும்வரை சுகமாக இருந்திருப்பார். கெடுத்தது அரசாங்கம்.

பான்கிறொவ்ற் பக்கத்துக் காடுகளில் எல்க் என்று ஒரு பெரிய மான் இருக்கிறது. மரையின் பணக்காரச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுடுவதற்கு வருடத்தில் கொஞ்சப் பேருக்குத்தான் அனுமதி கிடைக்கும், அதுவும் குலுக்கலில். எங்கள் நண்பர் கஸ்பர் மன்னார்க்காரர், கார் திருத்துகிறவர், உண்மையிலேயே வேட்டைக்குப் போகிறவர். அதனால் வேட்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அவர் விண்ணப்பம் போடப்போவதாக ஒரு விழாவில் தெரியவந்ததும், சபை பார்த்திருக்க அத்தான் சொன்னார்: "என்ர பேரையும் போடும் கஸ்பர். குணத்தின்ர பேரையும் போடும். பேர் கூடினால் விழும்."

விழாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். துவக்கு லைசென்ஸ் அவரிடம் இருந்தது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் பேர்ஸில் வைத்திருந்து, கதை முடிந்ததும் எடுத்துக் காட்டுவார். துணைக்கு அக்காவையும் அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். பரீட்சையில் அக்கா முதல் தடவையே முழுப்புள்ளி, அத்தான் இரண்டாம் தடவை மயிரிழையில். அந்த விபரம் விழாக்களில் வெளியிடப்படவில்லை.

குலுக்கலில் விழுந்துவிட்டது. ஆயுளில் ஒரு குடைகூடப் பரிசாக விழாத மனிதருக்கு எல்க் விழுந்தது.

அத்தானின் மகன் கிருபன் அப்போதுதான் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருந்தான். புது வீட்டில் அப்பாவின் எல்க் விருந்து என்று நாற்பது பேருக்கு அவன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டான். எல்க் இன்னும் காட்டில் புல் மேய்ந்துகொண்டிருக்க, அதன் பின்தொடை எந்த அன்ரிக்கு, ஈரல் எந்த அங்கிளுக்கு என்று பங்கு பிரித்தாயிற்று.

போவதற்கு முன் கஸ்பர் இருவரையும் சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே போனதும் அத்தானுக்குத் தோள்மூட்டில் நோ தொடங்கிவிட்டது. அக்கா சுட்டாள். அவள் மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பனியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி பற்றவைக்கிற வேலை செய்கிறவள். மூச்சை அடக்கிக் கையை ஆடாமல் வைத்திருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஐந்து குண்டும் இலக்குக் கடதாசியில் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள் விழுந்திருந்தன. கஸ்பர் அந்தக் கடதாசியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கிட்டத்தானே இருக்குது" என்றார் அத்தான்.

செப்டெம்பரில் புறப்பட்டோம். அத்தான், அக்கா, கஸ்பர், லைசென்ஸ் இல்லாத பார்வையாளனாக நான். சாமான்களில் துவக்கு இரண்டு, ஆட்டிறைச்சிக் கறி ஒரு பெரிய சட்டி, ரைஸ் குக்கர், தேங்காய் ஆறு.

"உது என்னத்துக்கு அண்ணை இவ்வளவு தேங்காய்?" என்று கேட்டார் கஸ்பர்.

"பிள்ளையாருக்கு. உடைக்காமல் ஒரு காரியம் தொடங்கிறதே?"

முதல்நாள் விடியவே கஸ்பர் தூரக்கண்ணாடியில் இரண்டு எல்க்கைக் கண்டுபிடித்து, வாயில் விரல் வைத்து எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் போகுமுன் அத்தான் பாறையில் கற்பூரம் கொளுத்தித் தேங்காயை ஓங்கி அடித்தார். பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலித்தது. பிள்ளையாருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். எல்க்குகளுக்கும் கேட்டது. அன்று முழுவதும் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை.

கஸ்பர் கத்தோலிக்கர். அடுத்த வீட்டுக் கடவுளைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் தேங்காய் உடைந்தபோது மட்டும், "அண்ணை, மனசுக்குள்ள கும்பிட்டா அவருக்கு விளங்காதே?" என்று கேட்டார். இனி உடைப்பதில்லை என்று அத்தான் சத்தியம் செய்தார்.

மூன்றாம் நாள்தான் கடைசி. பெரிய வேட்டைக்காரர் என்று அத்தானுக்கே நல்ல இடம் கொடுத்தார் கஸ்பர். ஓடையோரம், மறைவுக்குப் பாறை, முன்னால் வெட்டவெளி. துணைக்கு நான். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் சும்மா ஒரு காவலுக்கு அக்காவும் கஸ்பரும். ஆறரை மணிக்கு வோக்கிடோக்கியில் கஸ்பரின் குரல் கிசுகிசுத்தது: "வருது. உங்களிட்டத்தான் வருது. அசையாதேங்கோ."

வந்தது. கொம்பு இரண்டும் மரக்கிளைபோல விரிந்த பெரிய ஆண். மூக்கிலிருந்து ஆவி பறந்தது. எழுபது அடி தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. வேறு ஒருவரும் இல்லாத காட்டில், அத்தானின் முப்பது வருடக் கதைக்குச் சாட்சி சொல்ல நேரில் வந்து நின்றது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் துவக்கை மெதுவாகக் கீழே வைத்தார். வேட்டைக்குப் போட்ட செம்மஞ்சள் அங்கிக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தார். பாறையில் ஓங்கி அடித்தார்.

எல்க் ஒரே பாய்ச்சலில் மேட்டுக்கு மேலால் போய் மறைந்தது.

"என்ன அத்தான் செய்தியள்?"

அவர் தேங்காய்த் தண்ணீரில் நனைந்த சட்டைக் கையை உதறினார். "தம்பி, மரையைச் சுட்டது என்ர பெரியப்பா. நான் ரோச் லைற் பிடிச்சனான். வெடி கேட்ட உடன லைற்றையும் போட்டிட்டு ஓடிட்டன். இதைச் சுட என்னால ஏலாது. தவறினால் உலகம் முழுக்கத் தெரிஞ்சிடும். தப்பிப் போட்டுது எண்டு சொல்லிப்போட்டு வீட்ட போவம்."

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று.

நாங்கள் மூச்சு வாங்க ஏறிப்போனபோது எல்க் பாதையில் கிடந்தது. கஸ்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்கா துவக்கிலிருந்து மிச்சக் குண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "தேங்காய்ச் சத்தம் கேட்டுது. உது ஓடி வந்து நிண்டு திரும்பிப் பாத்தது. சுட்டிட்டன்" என்றாள், அடுப்பை நிற்பாட்டிவிட்டேன் என்று சொல்வதுபோல. பிறகு அத்தானின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தாள். தன் கைக்குட்டையை நீட்டினாள்.

திரும்பி வந்த மூன்று மணித்தியாலமும் அத்தான் வாய் திறக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். கதை தயாராகிறது. விட்பி தாண்டும்போது குண்டு அவருடைய துவக்குக்கு மாறிவிடும், மார்க்கம் ரோட்டில் இறங்கும்போது தூரம் முந்நூறு அடியாகிவிடும். யார் மறுக்கப்போகிறார்கள்? கஸ்பர் பேசமாட்டார். அக்கா இத்தனை வருடம் பேசாதவள். என்னைப் பொறுத்தவரை, தமக்கையின் கணவரைச் சபையில் பொய்யர் ஆக்குகிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் வயிறு எரிந்தது. ஒரே ஒரு நல்ல சூடு, அதுவும் என் அக்காவுடையது. அதையும் இந்த மனிதர் வாயில் போட்டு மெல்லப்போகிறாரே என்று ஆத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிருபனின் ஸ்ரௌவ்வில் வீட்டில் நாற்பது பேர் என்றது அறுபது பேராக வந்தார்கள். இறைச்சியை அக்கா முதல்நாளே வேகவைத்துப் பிரட்டி வைத்திருந்தாள். தட்டுகள் நிறைந்ததும் சந்திரவதனா அன்ரி முறைப்படி ஆரம்பித்துவைத்தார்: "சொல்லுங்கோ அண்ணை, எப்பிடிச் சுட்டனீங்கள்?"

எல்லோரும் தலையாட்டத் தயாரானார்கள். அத்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் சுடேல்லை. குணம்தான் சுட்டவ."

தலையாட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு வீடு அதிரச் சிரிப்பு.

"பாருங்கோ, எவ்வளவு பெருந்தன்மை" என்றார் அன்ரி. "மனுசிக்குப் பயந்த வேட்டைக்காரன்" என்றார் இன்னொருவர். கைதட்டினார்கள்.

"உண்மையாச் சொல்லுறன். ஒரு வெடியில விழுத்தினவ. நான் தேங்காய் உடைச்சுக் கலைச்சனான்." சிரிப்பு இரண்டு மடங்கானது. "வன்னியில மரையும் நான் சுடேல்லை. லைற் பிடிச்சனான், அவ்வளவுதான்." ஒருவருக்குப் புரைக்கேறியது. கஸ்பரே எழுந்து, "ஓம், குணமக்காதான்" என்று குண்டு துளைத்த அந்தக் கடதாசியை விரித்துக் காட்டினார். கஸ்பர் அண்ணையும் பகிடி விடப் பழகிவிட்டார் என்று அதற்கும் கைதட்டினார்கள். என் முறைக்கு நானும் சொன்னேன். மைத்துனன் அப்படித்தான் சொல்வான் என்றார்கள்.

எத்தனையோ வருடம் அவர் சொன்ன பொய்யைக் கேள்வி கேட்காமல் விழுங்கிய சனம், ஒரே ஒரு உண்மையை விழுங்க மறுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. காரில் வரும்போது அவரைப் பற்றி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

அத்தான் நடுவீட்டில் செய்வதறியாமல் நின்றார். அக்கா குசினியிலிருந்து வந்து அவருடைய தட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "இருந்து சாப்பிடுங்கோ" என்றாள். அவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டு, அவருக்கும் பக்கத்திலிருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அவை நம்பாட்டிப் பறவாயில்லை. நீங்கள் சொன்னீங்கள்தானே."

அத்தான் அழுதார். கறியில் உறைப்புக் கூடிப்போய்விட்டது என்று நினைத்து யாரோ ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.