எங்கள் மின்னஞ்சலின் சாவி கமுந்திங்கில் இருந்தது

போன வருடம் புரட்டாசி மாதம், மலேசியாவில் ஈப்போ குனோங் ராபாட்டில் நானும் என் கணவரும் நடத்தும் சின்ன டிராவல்ஸ் கடையில் நடந்தது இது. திருப்பதிக்கும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் ஆட்களைக் கூட்டிப் போவதுதான் எங்கள் தொழில்.

அந்த முறை குழுவில் ஆயர் தாவார் ஊரிலிருந்து ஓர் அக்கா இருந்தார். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் பிழைத்தால் திருப்பதிக்கு வந்து முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவர். மகன் பிழைத்துவிட்டான். ஆனால் வேலையிடத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்து, இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. "விசா வந்திருச்சா மா?" என்று தினமும் போன் அடிப்பார். "வந்திரும் கா, பயப்படாதீங்க" என்பேன்.

சனிக்கிழமை விமானம். புதன்கிழமை காலையில் கடை மின்னஞ்சல் திறக்க மறுத்தது. எல்லாருடைய விசாவும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். பாஸ்வர்டு தவறு என்றே மறுபடியும் மறுபடியும் காட்டியது. என் விரல்தான் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, "நீங்க அனுப்புன லிங்க் தொறக்க மாட்டேங்குதே" என்றார். நாங்கள் எந்த லிங்க்கும் அனுப்பவில்லை. பெட்டிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த பாஸ்வர்டின் கதையைச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு எண் ஜோதிடத்தில் அப்படி ஒரு பைத்தியம். கூட்டினால் ஆறு வர வேண்டும். தேடிப் பிடித்து வேனுக்கு ஒரு ராசியான நம்பர் வாங்கினார். கடை போன் எண்ணின் கடைசியிலும் அதே நம்பர், மின்னஞ்சல் பாஸ்வர்டும் அதே நம்பர். "வேன் பின்னாடி ஊரே படிக்குதே, அதையா வைக்கிறது?" என்று நான் கேட்டதற்கு, "ராசியான நம்பர மாத்தச் சொல்றியா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். எவனோ ஒருவன் அந்த ராசியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான்.

முதலில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அந்த லிங்க்கைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். பிறகு 'பாஸ்வர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினேன். பதிவு செய்த போன் எண்ணுக்கு ஒரு கோட், அதாவது ரகசிய எண், வரும் என்றது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்ததும் பழைய போன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அது எங்களுடையது இல்லை. முன்பு எங்களிடம் வேலை பார்த்த பெண்ணுடையது.

எங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாத காலத்தில் இந்த மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தவள் அவள்தான். அப்போது தன் எண்ணைப் போட்டிருக்கிறாள். நாங்களும் அதை மாற்றவேயில்லை. இரண்டு வருடத்துக்கு முன், தைப்பூச நெருக்கடியில், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று லீவு கேட்டாள். என் கணவர் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார். கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சே கடையில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "வேற வழியே இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்தா நான் ஏன் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன்.

இத்தனை நாள் கழித்து போனில் கூப்பிட்டு, ஒரு கோட் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? நேரில் போய்விடலாம் என்று கிளம்பினோம். ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் கமுந்திங்கில் ஒரு ஃபேக்டரியில் அவள் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அந்த ராசியான வேனிலேயே போனோம். வழி நெடுக அவர் ரேடியோவைக்கூடத் திறக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவள் முதலில் வேனைத்தான் பார்த்தாள். நான் இறங்கி "பாப்பா" என்றேன். என்னையும் பார்த்தாள், ஸ்டீயரிங் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள். பிறகு, "சாப்டீங்களா கா?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்து ஒட்டுக்கடையில் டீ சொல்லிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அவள் தன் போனைத் திறந்து என் முன்னால் வைத்தாள். வரிசையாகக் கோட் வந்திருந்தது. அதோடு, எங்கள் கடை நிர்வாகம் கேட்கிறது, உடனே கோட் அனுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். திருடன் எங்கள் பெட்டிக்குள் அவள் எண்ணைப் பார்த்திருக்கிறான்.

"ரெண்டு நாளா தொல்ல கா. போன்கூடப் பண்ணான். நீங்க என்னைக்கு எனக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டிருக்கீங்க? 'பாப்பா, சாப்டியா'ன்னுதானே ஆரம்பிப்பீங்க. கள்ளன்னு தெரிஞ்சிருச்சு. குடுக்கல" என்றாள்.

அவள் கொடுக்காததால்தான் அவனால் அந்த எண்ணை நீக்க முடியவில்லை. எங்களுக்கும் ஒரு வழி மிச்சமிருந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாப்பா?"

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, "கூப்டேன் கா. கடை நம்பருக்கு லைனே போகல. உங்க நம்பர் வேற யாரோ எடுத்தாங்க" என்றாள்.

என் எண்ணையும் ராசி பார்த்து மாற்றியவர் என் கணவர்தான். கடை போனில் அவள் எண்ணை பிளாக் பண்ணி அடைத்து வைத்தவரும் அவர்தான். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

மறுபடியும் 'பாஸ்வர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினேன்; வந்த கோட்டை அவள் படிக்க, கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் அடித்தேன். பெட்டி திறந்தது. எல்லா விசாவும் இருந்தது, ஆயர் தாவார் அக்காவுடையதும். அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மெதுவாக, "பெருமாளே" என்றார்.

புது பாஸ்வர்டு போட்டுத் திருடனை வெளியேற்றியதும் அவள் சொன்னாள்: "இப்ப என் நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போடுங்க கா. இனிமே இது என்கிட்ட இருக்கக் கூடாது." இரண்டாவது முறையாக எங்கள் சாவியை மேசையில் வைக்கிறாள் என்று தோன்றியது. மாற்றினேன்.

அப்போதுதான் என் கணவர் கடை போனை எடுத்து எதையோ தட்டினார். மேசைமேல் இருந்த அவள் போன் அடித்தது. திரையில் 'அண்ணே கடை' என்று வந்தது.

"லைன் போகுதான்னு பாத்தேன் லா" என்றார்.

"போகுது அண்ணே" என்றாள்.

"அம்மா எப்டி இருக்காங்க?" என்று கேட்டார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நடக்குறாங்க. நல்லா இருக்காங்க."

ஆயர் தாவார் அக்கா மொட்டைத் தலையோடு திரும்பி வந்து லட்டு கொடுத்தார். அதில் பாதியை என் கணவரே கமுந்திங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் பாஸ்வர்டு இப்போது எந்த ராசிக்கும் பொருந்தாத ஒன்று. அவர் இன்னும் அதற்காக முணுமுணுக்கிறார். நாங்கள் அடைத்து வைத்த பிறகும் அவள் போனில் நாங்கள் 'அண்ணே கடை'யாகவே இருந்தோம் என்பதை நினைத்தால், கோபத்தில் ஒருவரோடு உள்ள உறவை அறுத்துவிட இப்போதெல்லாம் எனக்குக் கை வருவதில்லை.