தோளில் இருந்த கை

இன்று காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, இத்த கொஞ்சம் பாரேன். கம்பெனில போட்டோ கேக்குறாங்கோ. எத்தினி வாட்டி அனுப்பினாலும் பெருசா கீதுன்னு திரும்பி வந்துடுது."

புது வேலையாம். இன்றுதான் முதல் நாள். அடையாள அட்டைக்கான படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். எட்டு மணிக்குள் மெயிலில் போய்ச் சேராவிட்டால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

அவரிடம் இருந்த ஒரே நல்ல படம் நான்கு எம்பி. யார் வீட்டுக் கல்யாணத்திலோ கணவரோடு சிரித்தபடி நிற்கிறார்.

படத்தைச் சின்னதாக்கும் ஒரு வலைத்தளத்தைத் திறந்து, முதலில் கணவரை வெட்டினேன். அவர் போய்விட்டார். அக்காவின் தோளில் அவர் போட்டிருந்த கை மட்டும் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் நெருக்கி வெட்டினா கையும் போயிடும்க்கா."

அக்கா சட்டென்று என் விரலைப் பிடித்துத் தடுத்தார்.

"வாணாம்மா, இருக்கட்டும். மொத நாளு, பயமா கீது. அதுனாச்சும் கூட வரட்டும்."

நாற்பத்தெட்டு கேபி. பொன்னேரி தாண்டியதும் அனுப்பினோம். கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. படம் சரியாக இருக்கிறதாம், வேலைக்கு வரலாமாம்.

அக்கா உடனே கணவருக்குப் போன் போட்டார்.

"யோவ், உன் கைக்கும் சேத்து வேலை குட்த்துட்டாங்கய்யா!"

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

என் ஐடி கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் மட்டும் தனியாக, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறேன். உங்களுடையதில் எப்படி?