விரதமாம் விரதம்

எனக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் நடைபாதையில் நாள் முழுக்கப் புல்லாங்குழல் ஒலிக்கும். அதைக் கேட்டால் நோயாளியின் மனம் அடங்கும் என்று யாரோ நிர்வாகத்தின் காதில் ஓதியிருக்க வேண்டும். சுவரில் 'மௌனமே பிரார்த்தனை' என்று மராத்தியில் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று ஒருவர் காப்பீட்டுக் கம்பெனிக்காரரைச் செல்பேசியில் திட்டிக்கொண்டிருந்தார். அந்த நடைபாதையில் மனதாரப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

கழுத்தில் கத்தி பட்டு, குரல் போய், வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைப் பார்க்கப் பலர் வருவார்கள். மௌனத்தின் மகிமையை உங்களுக்கு விளக்குவார்கள். பதில் சொல்ல உங்களால் முடியாது என்பதால் நிதானமாக, இன்னொரு காபி குடித்துவிட்டு விளக்குவார்கள். எச்சரிக்கையாக இருங்கள்.

எனக்கு எல்லாம் தாலிச் சங்கிலியில் தொடங்கியது. ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். சங்கிலி கழுத்தில் கோணலாக ஏறி உட்கார்ந்திருந்தது. சரிசெய்தேன், மறுபடி ஏறியது. எச்சில் விழுங்கினால் அதன் அடியில் ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. தைராய்டில் (குரல்வளையின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) கட்டி என்றார்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் முடிவு தெளிவாக இல்லை. பாதிச் சுரப்பியை எடுத்து முழுதாகச் சோதித்துவிடலாம் என்று முடிவானது.

குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது, சில நாள் குரல் மாறலாம் என்று அறுவை மருத்துவர் முன்பே சொன்னார். தலையாட்டினேன். விமானத்தில் பணிப்பெண் காட்டும் பாதுகாப்பு வழிமுறைக்கு நாம் ஆட்டுவோமே, அந்த ஆட்டல்தான்.

கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். காற்று மட்டும் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனைப் பெயர் சொல்லி அழைத்தால் அடுத்த வகுப்பிலும் ஒருவன் எழுந்து நிற்பான், அப்படி ஒரு குரல் எனக்கு. புனேயின் வாகட் பகுதி அடுக்ககத்தில் எங்கள் கட்டடம் முழுவதும் அறிந்த குரல். அது இருந்த இடத்தில் சைக்கிள் டயரில் காற்றுப் போவது போல் ஒரு சீறல்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்த மருத்துவர் ஆங்கிலமும் இந்தியும் கலந்து விளக்கினார். "இடது குரல் நாண் (பேசும்போது வந்து சேர்ந்து அதிரும் மடிப்பு) அசையவில்லை. நரம்பு அறுபடவில்லை, அதிர்ச்சியில் தூங்குகிறது. எழுந்துகொள்ளலாம். மாதங்கள் ஆகும். எழாவிட்டால் ஊசி போட்டு நாணைக் கொஞ்சம் நகர்த்தலாம்."

"எழாமலே போகுமா?" என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

"சிலருக்கு," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருக்குப் பின்னால் வந்த யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பேசவில்லை.

தண்ணீர் குடித்தால் பாதை தவறி மூச்சுக்குழலில் இறங்கியது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துதான் விழுங்க வேண்டும். கிசுகிசுக்கக் கூடாது, அது தொண்டையை இன்னும் இறுக்கும். இருமினால் இருமலிலும் சத்தம் இல்லை. கட்டியில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்ததும் விஷயம் தெரிந்த ஓரிரு உறவினர்கள் பேடா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இனி என்ன கவலை?" என்றார்கள். என்ன கவலை என்று சொல்லத்தான் என்னிடம் குரல் இல்லையே.

என் கவலை அம்மா. அம்மா பாளையங்கோட்டையில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். கண்ணழுத்த நோயில் (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடுவது) இரண்டு கண்ணும் போய்விட்டன. அவளுக்கு நான் என்றால் தினமும் மாலையில் தொலைபேசியில் வரும் குரல்தான். முகம் காட்டிப் பேசும் வசதியெல்லாம் அவளுக்குப் பயன்படாது. குரல் திரும்பாவிட்டால் அம்மாவைப் பொறுத்தவரை நான் இல்லை. அவளுக்கும் வயதாகிவிட்டது. நரம்பு விழிக்கும்வரை காத்திருக்க அவளிடம் எவ்வளவு காலம் இருக்கிறது என்று எந்த மருத்துவரிடம் கேட்பது?

எங்கள் குடும்பங்களில் வயதானவர்களிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆளையே எடுத்து எரித்துவிட்டுக்கூட 'வெளியூர் போயிருக்கா' என்று சொல்லும் பரம்பரை. எனவே முதல் நாள் மாலை அம்மா என்னைக் கேட்டபோது, என் கணவர் திக்கித் திணறி உலகத்தில் உள்ள பொய்களையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பொய்யைப் பிடித்தார்.

"அவ மௌன விரதம் இருக்கா அத்தை."

கோயில் வரிசையில் நிற்கச் சொன்னால் வெளியே செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒதுங்குகிறவள் நான். பக்கத்தில் நான் இருமினேன். "அப்படியா, சரி" என்றாள் அம்மா. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

பொய்யை நம்பிய தம்பி அதை நாலு பேரிடம் சொன்னான். அந்த நாலு பேருக்கும் புனேயில் உறவு இருந்தது. கழுத்தில் தையலை மறைக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் ஔந்திலிருந்து ஒரு சித்தி வந்து பழத்தட்டை வைத்தாள். "முகத்துல ஒரு களை வந்துட்டு," என்றாள். ஸ்டீராய்டு மாத்திரையில் வந்த வீக்கம் அது. எதிர் வீட்டு மராத்திப் பெண்மணி தேங்காய் வைத்துக் காலில் விழப் பார்த்தாள். நான் பின்வாங்கியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பாணேரிலிருந்து வந்தவர்தான் உச்சம். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கம்பெனிகளில் ஊழியர்களை உட்காரவைத்து மௌனப் பயிற்சி நடத்துபவர். மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். அன்றாட ஓசைகளில் தெய்வீகம் ஒளிந்திருக்கிறதாம், காது கொடுப்பவருக்கே அது திறக்குமாம். "உள்ளே என்ன கேக்குது, சொல்லுங்க," என்று பேனாவை நீட்டினார்.

'மேல் வீட்டு டிரில்லிங்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் தலையாட்டினார். அடுத்த வகுப்பில் அதை அவர் பயன்படுத்தியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் வாய் மூடி இருந்ததில் எனக்குக் கேட்டவை: தண்ணீர் லாரி பின்னோக்கி வரும்போது போடும் பாட்டு. பழைய பேப்பர்காரரின் 'பங்கார்' கூவல். குக்கர் விசில். புறாக்களின் அலுக்காத முனகல். இவற்றில் எந்தத் தெய்வமும் எட்டிப் பார்க்கவில்லை. மதியத்தில் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றதும் வீடே ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு கணம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்பதே எரிச்சலாகவும் இருந்தது, பாணேர்க்காரருக்கு ஒரு புள்ளி கூடிவிட்டதே என்று.

குரல் பயிற்சியாளர் இளம்பெண். உதட்டை மூடி 'ம்' என்று முனகச் சொல்வாள். மூக்குத்தண்டில் விரல் வைத்தால் அதிர வேண்டும். என் மூக்குத்தண்டு கல்லாகவே இருந்தது. வாரா வாரம் போனேன், வாரா வாரம் காற்றை ஊதிவிட்டு வந்தேன்.

மாலை அழைப்பு மட்டும் நிற்கவில்லை. நான் சமைக்கும் நேரம் அது. கணவர் செல்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்பு மேடையில் வைத்து, அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவார். பேச விஷயம் தீர்ந்ததும், "வச்சிரட்டுமா அத்தை?" என்பார்.

"வைக்காதீங்க மாப்பிள்ளை. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்படியே இருப்பாள். ஒரு சொல் பேசமாட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்ற தாயும் பக்தர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள், மகளின் மௌனத்தைத் தொலைபேசியில் தரிசனம் செய்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் பாத்திரங்களை இன்னும் சத்தமாக வைத்தேன்.

அன்று கணவர் இணைப்பைப் போட்டுவிட்டுப் பால் வாங்கக் கீழே போயிருந்தார். நான் புளிக்குழம்பைக் கிண்டிவிட்டு, கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினேன். டக், டக். சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். கரண்டியைத் தட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா அதற்காக என்னை ஏசாத நாள் கிடையாது.

"தட்டாதட்டி," என்றது செல்பேசி. "எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"விரதமாம் விரதம். உனக்கா? மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லவும் தெரியல. அன்னைக்கே நீ இருமுனதக் கேட்டேன், அதுல உன் சத்தமே இல்ல. தொண்டையில கத்தி வச்சிட்டாவ, அதான?"

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"பேச வரலன்னா தட்டு. ஆமான்னா ஒரு மட்டம், இல்லன்னா ரெண்டு மட்டம்."

ஒரு தட்டு தட்டினேன்.

"வலிக்கா?"

இரண்டு.

"சாப்பிடுதியா?"

ஒன்று.

"மாப்பிள்ளை நல்லா பாத்துக்கிடுதாவளா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தட்டு தட்டினேன். அம்மா சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தெனமும் இந்தக் கரண்டிச் சத்தத்துக்குத்தான்டி காதுல வச்சிக்கிட்டு இருக்கேன். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம். நீ இருக்கன்னு தெரியும்லா?"

அழுதேன். குரல் நாண் அசையாவிட்டால் அழுகையிலும் சத்தம் வராது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். புனிதம் என்ற சொல்லைக் கண்டவர்கள் வாயில் போட்டுச் சப்பித் துப்பியதால் அதைத் தொடவே எனக்குக் கூசும். ஆனால் பிடி ஆடும் அந்த எவர்சில்வர் கரண்டிக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன்.

ஊசி போடுவதைப் பற்றி மருத்துவர் பேச ஆரம்பித்திருந்த சமயத்தில், ஒரு காலை, பயிற்சி முனகலில் மூக்குத்தண்டு லேசாகக் கூசியது. கேமராவில் நாண் சோம்பேறித்தனமாக அசைந்தது. சில வாரங்களில் சொற்கள் வந்தன. அதே பழைய குரல் இல்லை. கனத்த, சொரசொரப்பான வேறொரு குரல். விரத நிறைவுக்குத் தன் வகுப்பில் வந்து பேச வேண்டும் என்று பாணேர்க்காரர் அழைத்தார். "வேலையைப் பாருங்க," என்றேன். புதுக் குரலில் நான் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியங்களில் அது ஒன்று. மிகவும் திருப்தியாக இருந்தது.

இப்போது என் பொழுதுக்குக் கடிகாரம் தொண்டைதான். காலையில் குரல் நிறைய இருக்கும். வகுப்பில் கரும்பலகையை அதிகம் நம்புகிறேன். மாலைக்குள் குரல் வடிந்துவிடும், எனவே அம்மாவுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். விழுங்கும்போது இன்றும் தாடை தானாகக் குனிகிறது. இந்தக் கழுத்து இன்னும் எனக்கு முழுதாகப் பழகவில்லை.

குரல் வந்ததும் முதல் வேலையாக அம்மாவை அழைத்தேன். அதற்காகத்தானே இத்தனை மாதமும் ஊதினேன்.

"அம்மா," என்றேன்.

"யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"எந்த நானு? யாரு பேசுதது?"

அடுப்பில் ரசம் கொதி கூடிக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்துச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன்.

"நீயாட்டி," என்றாள் அம்மா. "சொல்லு."