வண்டி வருவதற்குள் வந்த பதில்

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். அப்போது திருவனந்தபுரத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவந்தேன். தங்கையின் கணவர் வளைகுடாவில் இருந்ததால், எட்டு மாதக் கர்ப்பிணியான அவளும் என்னோடுதான் இருந்தாள். அம்மா மட்டும் தக்கலைக்கு உள்ளே எங்கள் ஊரில், மாமா வீட்டுக்குப் பக்கத்தில். முந்தின நாள் மாலை நெஞ்சுவலி என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வாயுவாகத்தான் இருக்கும், காலையில் வந்தால் போதும் என்றார் மாமா. நாங்களும் நம்பினோம்.

அந்த ஆஸ்பத்திரியில், போனில் தட்டும் கேள்விக்குத் தானாகவே பதில் அனுப்பும் சாட்பாட் ஒன்று உண்டு; அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். ஒருவரைச் சேர்த்தால் நான்கு நாட்டிலிருந்து போன் வரும். வரவேற்பில் இருக்கும் பெண்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அங்கே கணினி பார்க்கும் என் கல்லூரித் தோழி இதற்கு வழி கேட்டாள். பைத்தான் என்ற கணினி மொழியில் சேர்த்துக்கொள்ளும்படி, யாரோ முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுத்தேன். கேள்வி வந்தால் என்ன பதில் என்று மட்டும் நாம் எழுதினால் போதும். செய்தியை வாங்குவது, கேட்டவரை நினைவில் வைப்பது, பதிலை அனுப்புவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உப்புமா கிண்டுகிற நேரத்தில் சாட்பாட் ரெடி என்று பீற்றிக்கொண்டே அவளோடு உட்கார்ந்து செய்தேன். நோயாளியின் எண்ணைத் தட்டினால் நிலைமை வந்துவிடும். கடைசியில் சேவைக்கு மதிப்பெண் கேட்கலாமே என்றதும் நான்தான்.

அன்று காலை மாமா போன் செய்தார்.

"மக்ளே, அம்மைக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு. ரெண்டு பேரும் பொறப்பட்டு நில்லுங்க, வண்டி விட்டுருக்கேன். தங்கச்சிகிட்ட வெளக்கமா ஒண்ணும் பேசாண்டாம்."

எங்கள் ஊரில் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். கூடுதலாக இருக்கிறது என்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஓடி வருகிறவனுக்கு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியும். படித்த ஊரில் இது என்ன பழக்கம் என்று எனக்கு எப்போதும் எரிச்சல்தான். தங்கை துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குள் போய், முந்தின நாள் மாமா எனக்கு அனுப்பியிருந்த அம்மாவின் நோயாளி எண்ணைச் சாட்பாட்டில் தட்டினேன்.

பதில் உடனே வந்தது. நிலை: மரணம். உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றேன். இவளுக்குத் தெரிந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டி வந்தது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும், முன்பின் பார்த்ததில்லை. களியக்காவிளை நெரிசலில் மாட்டிக்கொண்டபோது தங்கை கேட்டாள்.

"எக்கா, நீ செஞ்சு குடுத்த சாட்பாட்டுல கேட்டுப் பாரேன். அது உள்ளதச் சொல்லுமில்லா?"

டவர் இல்லை என்றேன். "எனக்க போன்ல இருக்கே, நம்பரச் சொல்லு" என்று போனைக் கையில் எடுத்தாள். எண் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எண் எழுதிய சீட்டைத் தேடுவதுபோலப் பையைத் துழாவினேன்.

ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். "மோளே, அந்த ஆஸ்பத்திரியில நம்ம ஆளு ஒருத்தன் உண்டு. நான் கேக்கேன்" என்று போனைக் காதில் வைத்தார். "ஆங்... செரி... டாக்டர் உள்ளயா? செரிடே" என்று பேசிவிட்டுத் திரும்பினார். "டாக்டர் பாத்துட்டு இருக்காராம். இப்போ யாரையும் உள்ள விட மாட்டாவளாம். நாம மெல்லப் போவோம்."

அவர் காதிலிருந்து இறக்கிய போனைப் பார்த்தேன். பேசி முடித்த போன் ஒளிர வேண்டும்; அது சுவிட்ச் ஆஃப் ஆகிக் கிடந்தது. எங்கேயும் அழைப்பு போயிருக்கவில்லை.

குழித்துறை தாண்டி ஒரு கடையில் நிறுத்தினார். "ரெண்டு பேரும் வல்லதும் தின்னுங்க. பிள்ளைக்காரி வெறும் வயித்துல இருக்கப்பிடாது." சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நினைத்துத்தான் நிறுத்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. தங்கை புட்டும் பயறும் சாப்பிட்டாள். நானும் எதிரில் உட்கார்ந்து விழுங்கினேன். அவர் மட்டும் மழையில் வெளியே நின்றார்.

தக்கலை வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டிய முக்கில் வண்டி திரும்பவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. "அம்மை போயாச்சா எக்கா?" என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்தாள். அதற்குள் வீடு கூப்பிடு தூரத்துக்கு வந்திருந்தது. அத்தைமார் வாசலுக்கு வந்து அவளைத் தாங்கலாக இறக்கிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்ததும் தோழியிடம் சொன்னேன். அவள் அன்றே அந்தப் பதிலை எடுத்துவிட்டாள். வண்டிக்காரரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துக்கத்தில் விட்டுப்போனது, பிறகு பார்க்கவே வாய்க்கவில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. அம்மா போன செய்தியை நான் சமையலறையில் தன்னந்தனியே ஒரு போன் திரையில் படித்தேன். தங்கைக்கு அது வயிறு நிறைந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அவளுக்காவது அப்படி வாய்த்ததே என்று சொல்லித்தான் இன்றும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.