மூன்றாம் எண் தாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கோப்பைப் புரட்டிப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் வழக்கமாகக் கேட்கிற விவரங்களையெல்லாம் முன்கூட்டியே ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் உருட்டிப் படியெடுத்து, எண் போட்ட அலமாரி அறைகளில் அடுக்கினேன். எண்ணைச் சொன்னால் பியூன் தாளை எடுத்து நீட்டுவார். அவர் எதையும் படிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். வரிசை மளமளவென்று கரைந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாம் எண், ஆசிரியர் பயிற்சிக்கான தாள். பிறப்புச் சான்று போதும் என்று அதில் இருந்தது. பிறகு ஓர் உத்தரவு வந்தது: வெளி மாநிலத்தில் பிறந்தவர்கள் குடியிருப்புச் சான்றும் வைக்க வேண்டும். கோப்பில் திருத்தினேன். புது ஸ்டென்சில் கேட்டேன்.

"இருக்கிற தாள் தீரட்டும்யா, அப்புறம் பாக்கலாம்" என்றார் என் மேலதிகாரியான சூப்பிரண்டு.

நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். காரைக்கால் தமிழ்நாட்டில் சேராது; தாய்வீடு எல்லை தாண்டி நாகப்பட்டினம் பக்கம் என்றால் பிள்ளை தமிழ்நாட்டில் பிறந்ததாகிவிடும். ஊரில் பாதி மூத்த பிள்ளைகள் அப்படித்தான். இது தெரியாத மடையனா நான்?

பக்கத்து நிரவியிலிருந்து ஒரு பெண், அவளும் அப்படித் தாய்வீட்டில் பிறந்த மூத்த பிள்ளை, அப்பாவோடு வந்தாள். குடியிருப்புச் சான்று இல்லையென்று பயிற்சிப் பள்ளியில் அவள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கடைசி நாளும் முடிந்துவிட்டது. அப்பா வயல் வேலைக்காரர். நான்காக மடித்திருந்த தாளைப் பிரித்து சூப்பிரண்டின் மேசையில் வைத்தார்.

"நீங்க குடுத்ததுதாங்க. இதுல உள்ளபடிதான் எல்லாம் வச்சோம்."

சூப்பிரண்டு கோப்பைத் திறந்து என் திருத்தத்தின்மேல் விரலை வைத்தார். "இங்க சரியாத்தான் இருக்கு. நீங்கதான் விசாரிச்சிருக்கணும்."

"விசாரிச்சதுக்குத்தானே சார் இதைக் குடுத்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஜன்னலில் நிற்கிறவன் கோப்பையா பார்க்கிறான்? "உள்ள சரியா இருந்து யாருக்கு சார் என்ன பிரயோஜனம்?" என்று கத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுடைய இடம் போனது போனதுதான்.

விடுவிடுவென்று ஜன்னலுக்குப் போய் அலமாரியின் மூன்றாம் அறையில் கிடந்த தாள்களையெல்லாம் வாரினேன். இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று பியூனிடம் சீறினேன்.

அவர் மிரண்டுபோய் எழுந்து நின்றார்.

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன் சார். ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பல."